வேற்றூர்க் குளிர்

யூரியா என்ற வார்த்தைக்கு எங்கள் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான் இருந்தது. நட்ட பயிர் வேர் பிடித்ததும் வயலில் விசிறுகிற வெள்ளை மணி. மூட்டை, வரிசை, தட்டுப்பாடு என்று அதைச் சுற்றி ஒரு முழு வாழ்க்கையே உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் அமலாயின. டீசல் வண்டிகள் பலவும் யூரியா குடிக்க ஆரம்பித்தன. நூற்றுக்கு 32.5 பங்கு யூரியா, மீதி உப்பு நீக்கிய தண்ணீர். இதற்குத் தனித் தொட்டி, தனி மூடி. பம்ப் அழுத்தம் கொடுக்க, கரைசல் புகைக்குழாய்க்குள் பீய்ச்சப்படுகிறது. அந்தச் சூட்டில் அம்மோனியா பிரிந்து, புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்ஸைடுகளை வெறும் நைட்ரஜனாகவும் தண்ணீராகவும் மாற்றிவிடுகிறது. அழகான காரியம். இதைப் பரிகசிக்கும் உத்தேசம் எனக்கில்லை.

என் பிரச்னை அந்தப் பம்ப்பின் விலை. மாற்றுவதற்கு ரூ. 62,000 என்று எழுதிக் கொடுத்தார்கள். எஞ்சின் திடமாக இருக்கிறது. ஆனால் டாஷ்போர்டில் ஒரு கணக்கு இறங்குமுகமாக ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் இத்தனை கிலோமீட்டர், அதற்குமேல் அணைத்தால் திரும்பக் கிளம்பாது.

பம்ப் என்பது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு மோட்டார். அது தனியாக வராது என்றார்கள். கரைசலின் மட்டத்தைப் பார்க்கும் கருவி, அதன் தரத்தைப் பார்க்கும் கருவி, ஒரு கணப்பு, இவ்வளவும் ஒரே கூட்டுக்குள் அடைத்து ஒட்டப்பட்டிருக்கின்றன. ஒன்று போனால் எல்லாம் போனதாக அர்த்தம்.

கணப்பு என்னை யோசிக்க வைத்தது. இந்தக் கரைசல் பூஜ்யத்துக்குக் கீழே 11 டிகிரியில் உறையும். உறைந்தால் இளக்குவதற்காக அது. அதிராம்பட்டினத்தில் மார்கழி விடியலில் மப்ளர் சுற்றிக்கொண்டு டீக்கடைக்கு வருகிறவர் 20 டிகிரிக்கே நடுங்குகிறவர். யாரோ ஒருவருடைய குளிருக்கு நான் பணம் கட்டுகிறேன். எங்கள் வெயிலுக்கு அந்தக் கூட்டில் என்ன ஏற்பாடு? ஒன்றுமில்லை. 25 டிகிரியில் 18 மாதம் கெடாமலிருக்கும் கரைசல், 35 டிகிரியில் 6 மாதம்தான் தாங்கும் என்று அதன் சர்வதேசத் தர விதியே சொல்கிறது. சித்திரையில் வாசலில் சும்மா நிற்கிற கார் என்ன சூட்டில் நிற்கும் என்பதை எங்கள் ஊரில் யாரிடமும் விளக்க வேண்டியதில்லை. கடலோரத்து உப்பளங்களில் பாத்தி கட்டி நீரை வெயிலுக்கு விடுகிறார்கள். நீர் போய் வெள்ளை நிற்கிறது. பம்ப்புக்குள்ளும் நடந்தது இதுதான். அங்கே அறுவடை, இங்கே அடைப்பு.

வயற்காட்டு ஆயில் எஞ்சினைச் சாக்கு விரித்துப் பிரித்துப் போட்டுவிடுவார்கள். வாஷர் போயிருந்தால் வாஷருக்குக் காசு, ரிங் போயிருந்தால் ரிங்குக்கு. பழுதின் அளவே செலவின் அளவு. பழுது பார்ப்பது என்ற சொல்லில் ‘பார்ப்பது’ இருக்கிறது. பார்க்க முடியாதபடி ஒட்டிவிட்ட பொருளில் அந்தச் சொல்லுக்கு வேலையில்லை.

பட்டுக்கோட்டையில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். கெட்டிக்காரர், வயது முப்பது இருக்கும்.

“பாய், அந்த சிஸ்டத்தையே தூங்க வெச்சுடலாம். சின்ன பாக்ஸ் ஒண்ணு. பம்ப்பு ஓடுது, ஓடுதுன்னு கம்ப்யூட்டர்கிட்ட சொல்லிக்கிட்டே இருக்கும். பத்தாயிரத்துல முடிஞ்சிடும்.”

“புகை, தம்பி?”

“அது கண்ணுக்குத் தெரியாது பாய்.”

அவர் சொன்னது உண்மை. அதுதான் சங்கடம். இந்தப் பொய்யைப் பெரிய இடத்திலும் சொல்லியிருக்கிறார்கள். சோதனையின்போது மட்டும் யோக்கியமாக ஓடும் மென்பொருளை வோக்ஸ்வாகன் வைத்திருந்தது 2015இல் அம்பலமாயிற்று. 2021 ஜூலையில் ஐரோப்பிய ஆணையம் வோக்ஸ்வாகனுக்கும் பி.எம்.டபிள்யூவுக்கும் சேர்த்து 87.5 கோடி யூரோ அபராதம் போட்டது. யூரியாத் தொட்டி எத்தனை பெரிதாக இருக்கலாம், கரைசல் எத்தனை செலவாகலாம் என்று தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு, சட்டம் கேட்டதற்கு மேல் சுத்தம் செய்வதில் போட்டியைத் தவிர்த்தார்கள் என்பது குற்றச்சாட்டு. கூட்டாளியான டைம்லர் விஷயத்தைத் தானே வெளியிட்டதால் அபராதத்திலிருந்து தப்பியது. பட்டுக்கோட்டைத் தம்பியின் பெட்டி இந்த வம்சத்தின் கடைக்குட்டி.

அவர்கள் செய்ததால் நானும் செய்யலாம் என்று வாதிக்க முடியும். சில நாட்கள் வாதித்தும் பார்த்தேன். ஆனால் கண்ணுக்குத் தெரியாத அந்தப் புகையைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் எனக்குப் பின்னால் மொபெட்டில் வருகிறவன் சுவாசிப்பான். அவனிடம் 62,000 ரூபாய்க் கணக்கைச் சொல்லி நியாயம் கேட்க எனக்கு வாய் வராது. பணத்தைக் கட்டினேன்.

காற்று பொது, பில் என்னுடையது. இதில் எனக்கு ஆட்சேபமில்லை. பூட்டுக்கும் சேர்த்துப் பணம் வாங்குவதில்தான் ஆட்சேபம். 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அதன் பட்டியலில் விவசாயக் கருவிகளும் மோட்டார் வாகனங்களும் இருந்தன. சுத்தத்தின் பெயரால் விற்கப்படும் பொருள் திறக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்று கேட்பது சுத்தத்துக்கு விரோதமானதல்ல. திறக்க முடியாததுதான் ஜனங்களைப் பத்தாயிரம் ரூபாய்ப் பெட்டியிடம் அனுப்புகிறது.

பழைய பம்ப்பைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். பட்டுக்கோட்டைத் தம்பி ஆர்வம் தாங்காமல் அதை ரம்பத்தால் அறுத்தார். உள்ளே பாறையாக வெள்ளை. வெந்நீரில் போட்டதும் கரைந்துபோயிற்று. பேட்டரியில் இரண்டு ஒயரை வைத்தார்; மோட்டார் சுற்றியது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அறுத்த கூட்டைத் திரும்ப மூட வழியில்லை.