மூத்தோரும் தோட்டத்து வீடும்

சென்ற மாதத்தில் ஒருநாள், பெரட்டு முடிந்து ஆட்கள் காட்டுக்குப் போன பின்னர், ஆபீசில் அமர்ந்து ஒரு கடிதம் தட்டச்சுச் செய்தேன். மூன்றே வரிகள். வேலையினின்றும் ஓய்வு பெற்றுவிட்டமையால், குறித்த தேதிக்குள் வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டும் என்பதே அதன் சாரம். இத்தகைய கடிதங்கள் பலவற்றை எழுதிப் பழகிய கைதான் இது. ஆயினும் இம்முறை மேல்விலாசத்தில் இருந்த பெயர், சிறு பிராயத்தில் ஆயாக் கொட்டகையில் என்னைத் தூக்கி வளர்த்த மூதாட்டியினுடையது. ஆங்கிலத்தில் நான் எழுதும் கடிதத்தைத் தமிழில் வாசித்துக் காட்டும் கடமையும் என்னுடையதே. அதனை மேசை அறைக்குள் வைத்துப் பூட்டினேன்.

தோட்டத்து வீட்டின் இயல்பை நம் வாசகர்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. வேலை இருக்கும்வரை வீடு. வேலை போயின் வீடும் போயிற்று. ஓய்வு பெறும் வயதை 60 என்று வரையறுத்த சட்டம் 2013-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருக்கின்றது. தோட்டத்தில் வீடும் வசதியும் இன்னவாறு இருத்தல் வேண்டும் என்று 1990-ஆம் ஆண்டின் சட்டம் விதிக்கின்றது. ஆனால் அது வேலையில் இருப்போரையும் அவர்தம் குடும்பத்தாரையும் பற்றியே பேசுகின்றது. நாற்பது ஆண்டு உழைத்தவருக்கு அந்த லயத்தில் ஒரு செங்கல்லும் சொந்தமில்லை.

இது புதிதாய் வந்த வழக்கமுமன்று. 1907-இல் ஏற்படுத்தப்பெற்ற குடியேற்ற நிதியானது, தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோரைக் கப்பற் செலவின்றி இங்குக் கொணர்ந்தது. மூப்பினாலும் பிணியினாலும் உழைக்க இயலாது போனவரைத் திருப்பியனுப்பும் செலவையும் அதே நிதியே ஏற்றது. 1930 முதல் 1932 வரை ரப்பர் விலை வீழ்ந்த காலத்தில் திடகாத்திரமானவர்களும் ஆயிரமாயிரமாய் அவ்வாறே அனுப்பப்பட்டனர். அன்று கப்பல், இன்று மூன்று வரிக் கடிதம்.

நிற்க. அம்மூதாட்டிக்குப் பிள்ளை இல்லாமலில்லை. மகன் ஜொகூர்பாருவில், மின்தூக்கி இல்லாத அடுக்குமாடியில் நான்காம் மாடியில் குடியிருக்கின்றான்; நல்லவன். சென்ற ஆண்டு தாயை அழைத்துச் சென்றான். அவனும் மருமகளும் விடியுமுன் வேலைக்குப் போய்விடுவர். முழங்கால் வலியுடைய கிழவி படியிறங்க மாட்டாமல், பகல் முழுதும் சன்னற் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டே மாதத்தில் திரும்பி வந்துவிட்டாள். “பெற்ற பிள்ளை பார்க்க வேண்டியதுதானே?” என்று மேடையேறி முழங்குவோர், அந்த நான்கு மாடிப் படிகளை ஒருமுறை ஏறி இறங்கிப் பார்க்கட்டும்.

இங்கு அவளுக்கு என்ன இருக்கின்றது? காலையில் கதவு திறவாவிடின் தட்டிப் பார்க்கும் அண்டை வீட்டுப் பெண் இருக்கின்றாள். கடனுக்கு அரிசி தரும் கடை இருக்கின்றது. மருந்துப் புட்டியின் எழுத்தை வாசித்துச் சொல்லப் பள்ளிச் சிறுவன் இருக்கின்றான்.

சிங்கப்பூரில் என் தமக்கை வீவக வீட்டில் இருக்கின்றாள். அங்கு 2012 முதல் சர்க்கார் ஓர் ஏற்பாடு செய்திருக்கின்றது. முதியோர் உள்ள வீடுகளில் குளியலறைச் சுவரிற் பிடிமானக் கம்பி பொருத்துகின்றனர். தரையை வழுக்காதபடி செய்கின்றனர். வீட்டின் அளவுக்கேற்பக் குடிமக்களுக்கு நூற்றுக்கு எண்பத்தேழரை முதல் 95 பங்கு வரை செலவைச் சர்க்காரே ஏற்கின்றது. அடுக்குமாடிகளின் கீழ்த்தளங்களில் மூத்தோர் நிலையங்கள். தனித்திருப்போரைத் தொண்டர் சென்று விசாரிக்கின்றனர். முதியோரை வேறிடம் கொண்டுபோகாமல், அவர்கள் பழகிய இடத்தையே அவர்களுக்கேற்பத் திருத்துகின்றார்கள். கண்டபோது எனக்குப் பொறாமையே உண்டாயிற்று.

நம் நாட்டிலும் ஏற்பாடுகள் இல்லாமலில்லை. சமூகநல இலாகா 60 வயது கடந்த ஏழைகளுக்கு மாத உதவி வழங்குகின்றது; 2021-இல் அது 350 வெள்ளியிலிருந்து 500 வெள்ளியாய் உயர்ந்தது. தனித்திருக்கும் முதியோரை ஆஸ்பத்திரிக்கு வண்டியில் அழைத்துச் செல்லும் பிரிவும், பகலிற் கூடியிருக்க நிலையங்களும் உள. ஆனால் நிலையம் பட்டணத்தில்; பஸ் வரும் சாலையோ லயத்திலிருந்து நெடுந்தூரம். விண்ணப்பத் தாளில் முகவரி கேட்கின்றார்கள். வீட்டை இழந்தவள் அங்கே எதை எழுதுவாள்?

நம்மவரையும் கண்டிக்காமல் விடுவதற்கில்லை. திருவிழாவில் வாணவேடிக்கைக்கு வசூல் புத்தகம் அச்சிடும் நாம், ஒரு கிழவியின் குளியலறைக்குக் கம்பி போடுவதற்குக் கூட்டம் கூடியதுண்டா? கேட்டால், “அவள் தலைவிதி” என்கின்றோம். தலைவிதி வேறெங்குமில்லை, என் மேசை அறையிற் பூட்டியிருந்தது.

எங்கள் இளைஞர் சிலர் சென்ற மாதத்தில் ஒரு முறை வைத்துக்கொண்டனர். தனித்திருக்கும் முதியோர் ஐவர். காலையில் ஒருவர் கதவு தட்டுவது. வாரத்தில் ஒருநாள் மருந்துக்கு மோட்டார் சைக்கிளில் போய் வருவது. உதவித் தொகைக்குரிய தாள்களை நான் நிரப்பித் தருவது. இதற்குப் பெயரோ தலைவரோ இல்லை. தலைவர் வேண்டுமென்றால் சண்டை வந்துவிடும்.

மானேஜரிடமும் பேசினேன். புதிதாய் வரும் வங்காளதேசத்து ஆட்களுக்கு வீடு வேண்டும், சட்டப்படி இடம் காட்டாவிடின் தமக்கே தண்டனை என்றார், அதுவும் மெய்யே. முடிவில் மூன்று மாதம் தவணை தந்தார்.

புதிய தேதியிட்ட கடிதத்தோடு அன்று மாலை போனேன். தேநீர் கொடுத்துவிட்டு, “என்ன தம்பி எழுதியிருக்கு?” என்றாள். வாசித்தேன். சிறிது நேரம் பேசாதிருந்து, பின்புறத்து வாழையைக் காட்டி, “அதுக்குள்ளே குலை முத்திடும், நீ வந்து வெட்டிக்கிட்டுப் போ” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை இளைஞர் இருவர் வந்து, அவள் குளியலறைச் சுவரில் ஓர் இரும்புக் குழாயைப் பொருத்தினர். மூன்று மாதத்துக்கு எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. குழாய், பட்டறையிற் கிடந்த பழைய துண்டு. ஸ்டோர் கணக்கில் அதனை நான் எழுதவில்லை.