கிணத்துப் பம்பு சாஃப்ட் சொல்லித்தந்த பாடம்

எங்க ராசிபுரம் பக்கம் கோடையில் கிணறு அடிமட்டத்துக்குப் போயிடும். தண்ணியோட மணலும் ஏறி வரும். அந்த மணல் கிளாண்ட் கயிற்றில் சிக்கி, பம்பு சாஃப்டை அரம் மாதிரி ராவும். போன வருஷம் சாஃப்ட் தேய்ஞ்சு ஒழுக ஆரம்பிச்சது. பட்டறையில் மெட்டல் ஸ்ப்ரே அடிச்சுக் கொடுத்தாங்க. இருபதே நாளில் பூச்சு செதில் செதிலா உரிஞ்சிடுச்சு. காட்டில் குச்சிக்கிழங்கு வாடி நிக்குது.

திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிகளுக்கு வேலை பார்க்கிற பெரியவர் ஒருத்தர் பார்த்துட்டுச் சொன்னார்: "தெளிச்ச உலோகம் இரும்போட உருகிச் சேர்றதில்லைங்க தம்பி. சொரசொரப்பைப் பிடிச்சுத்தான் நிக்குது. எண்ணெய்ப் பிசுக்கு மேல அடிச்சா எப்படி நிக்கும்?"

அவர் பிசுக்குப் போகக் கழுவி, துகளை வீசியடிச்சுச் சொரசொரப்பாக்கி, போரான் கலந்த நிக்கல் குரோமியத் தூளைத் தெளித்தார். அப்புறம் பூச்சு வேர்த்த மாதிரி பளபளக்கும் வரை தீயில் சூடாக்கினார். அதில்தான் உள்ளிருக்கும் நுண்துளைகள் அடைபட்டு, பூச்சு அடியிரும்போடு ஒன்றாகிறதாம். கடைசியில் சாணை பிடித்து அளவுக்குக் கொண்டுவந்தார்.

வருஷம் ஒண்ணு ஆச்சு, ஒழுகல் இல்லை. சுண்ணாம்பு அடிக்கும் முன்னாடி சுவரைச் சுரண்டச் சொல்வாங்க அம்மா. இரும்புக்கும் அதே கணக்குதாங்க.