பலகையில் ஏறாத ஆட்டம்

வென்றவர் பெயரை உலகம் விரைந்து எழுதிக்கொள்கிறது. அவருக்கு எதிரே நின்று ஆடியவர் பெயரை எழுதுவார் யார்? தவணைப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியான அன்று, தோட்டத்து லயத்திலிருந்து நாள்தோறும் நடந்து வரும் மாணவன் ஒருவன் இந்தக் கேள்வியால் நம்மை மடக்கிவிட்டான். வகுப்பில் அவன் இரண்டாம் பிள்ளை. “ரெண்டாவதா வந்தவன யாரு சேர் நெனைச்சிக்கிட்டு இருப்பாங்க?” என்றான். அடுத்த தவணையில் முதலாவதாக வரும்படி சொல்லி அனுப்பிவிட்டோம். ஆசிரியர்கள் வழக்கமாகச் சொல்லும் விடைதான். ஆயினும் அது விடையாகாது என்பதை நாம் அறிவோம். அன்றிரவு நம் பாட்டனார் நினைவுக்கு வந்தார்.

இரத்தினபுரிப் பக்கத்து இறப்பர்த் தோட்டமொன்றில் பிறந்த அவர், வெள்ளைக்காரத் துரைமாரின் கிளப்பில் ‘மார்க்கர்’ வேலை பார்த்தவர். ஸ்நூக்கர் மேசையின் பச்சைத் துணியைத் துடைத்து நீவுவது, கோலின் முனைக்குச் சோக் பூசுவது, விழுந்த பந்தை உரிய இடத்தில் எடுத்து வைப்பது, புள்ளிகளைப் பலகையில் ஏற்றுவது ஆகியன அவர் கடமைகள். சிவப்புப் பந்து பதினைந்து, நிறப்பந்து ஆறு, அடிக்கும் வெள்ளைப் பந்து ஒன்று; சிவப்புக்கு 1 புள்ளி, மஞ்சளுக்கு 2, பச்சைக்கு 3, மண்ணிறத்துக்கு 4, நீலத்துக்கு 5, இளஞ்சிவப்புக்கு 6, கறுப்புக்கு 7. இவற்றையெல்லாம் வாய்ப்பாடு போல் நமக்குச் சொல்லித் தந்தவர் அவரே. ஆட்டத்தின் நுட்பமெல்லாம் அறிந்த அவருக்கு ஆடும் உரிமை மாத்திரம் இல்லை.

ஓரிரவு, துரைமாரெல்லாம் போன பின், விளக்கை அணைக்குமுன் கோலை எடுத்து ஒரேயோர் அடி அடித்தாராம். கறுப்புப் பந்து மூலைப் பைக்குள் போய் விழுந்ததாம். “பலகையில மட்டும் ஏத்தல ராசா” என்று சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பின் பொருள் நமக்கு வயது வந்த பிறகே விளங்கிற்று.

இதிலே ஒரு விந்தையும் உண்டு. ஸ்நூக்கர் இங்கிலாந்திலே பிறந்த ஆட்டமன்று. 1875ஆம் ஆண்டில் ஜபல்பூரில் இருந்த நெவில் சேம்பர்லேன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி அதைத் தோற்றுவித்தார் என்பர். பின்னர் உதகமண்டலம் கிளப்பிலே, 1882 அளவில், அதன் விதிகள் ஒழுங்காக எழுதப்பட்டன. நம் முன்னோர் கடல் கடந்து இம்மலைகளுக்கு வந்த அதே நூற்றாண்டிலே, தமிழகத்து மலையொன்றில் சட்டம் பெற்ற ஆட்டம் இது. ஆட்டம் துரையோடு கிளப்புக்குள்ளே போயிற்று. நம்மவர் வாசலிலே நின்றனர்.

தோட்டத்துக்கும் ஒரு தரவரிசை இருந்தது. பெரிய துரை, சின்ன துரை, கிளாக்கர், கணக்கப்பிள்ளை, கங்காணி, எல்லாருக்கும் கீழே தொழிலாளி. எத்துணைத் திறமை இருந்தாலும் அந்தப் படிகளில் ஏறுவது அரிது. ஆட்ட மேசையின் தரவரிசையோ வேறு வகையானது. தொழில்முறை ஸ்நூக்கரில் 1976 முதல் தரவரிசைப் பட்டியல் உண்டு. இந்நாளில், ஈராண்டுக் காலத்தில் தரவரிசைப் போட்டிகளில் ஒருவர் ஈட்டும் பரிசுப் பணமே அவருடைய இடத்தைத் தீர்மானிக்கிறது. யார் பெற்ற பிள்ளை என்று அப்பட்டியல் கேட்பதில்லை.

அத்தகைய போட்டியொன்று இந்திய மண்ணில் முதன்முதலாக 2013 ஒக்டோபரில் புதுடில்லியில் நடைபெற்றது. மும்பையைச் சேர்ந்த ஆதித்ய மேத்தா அரையிறுதியில் ஸ்கொட்லாந்தின் ஸ்டீபன் மகுவயரை எதிர்த்து ஆடினார். கடைசியான ஏழாவது ஆட்டம்வரை இழுபட்டு, 4-3 என்று வென்றார். தரவரிசைப் போட்டியொன்றின் இறுதியாட்டத்தை அதற்குமுன் எந்த இந்தியரும் எட்டியதில்லை. இறுதியில் எதிர்நின்றவர், முந்திய மாதந்தான் ஷங்காயில் வாகை சூடிய சீனத்து வீரர் டிங் ஜுன்ஹுய். முடிவு 5-0. மேத்தாவுக்கு ஓர் ஆட்டமும் கிட்டவில்லை.

பலகையை மாத்திரம் பார்ப்பவர் இதைப் படுதோல்வி என்பார். அவர் எங்கிருந்து புறப்பட்டு அந்த மேசைவரை வந்தார் என்பதைப் பலகை சொல்லாது. நம் நாட்டு எம்.ஜே.எம். லாபீர் 1973இல் பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றார். அவரைப் போன்ற வெற்றியாளரை நாடு கொண்டாடுவது முறையே. ஆனால் எதிரே நின்று ஆட ஒருவர் இல்லையெனில் வெற்றி என்பதுதான் ஏது?

நம் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் கோலெடுத்து ஆடுவர் என்று கதை கட்ட நாம் வரவில்லை. பன்னிரண்டடி நீளமான அந்த மேசைக்கு லயத்து அறையில் இடமுமில்லை. அதை வாங்கப் பொருளுமில்லை. நாம் வேண்டுவது வேறு. பெறுபேற்றுத் தாளோடு பிள்ளை வீடு வரும்போது, இலக்கத்தைப் பார்க்குமுன் அவன் நடந்து வந்த தூரத்தைப் பெற்றோரும் ஆசிரியரும் ஒருமுறை எண்ணிப் பார்க்கவேண்டும்.

மறுநாள் அம்மாணவனை அழைத்து இவ்வளவையும் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அஞ்சில ஒன்னுகூட எடுக்கலியா சேர்?” என்றான்.

“ஒன்றுகூட இல்லை” என்றோம்.

சற்று நேரம் யோசித்தான். பின்பு, “கறுப்புக்கு ஏழுதானே சேர்? அப்ப ஒங்க தாத்தாவுக்கு ஏழு புள்ளி” என்றான்.

நம்மால் உடனே மறுமொழி சொல்ல இயலவில்லை. பாட்டனார் ஏற்றாமல் விட்ட புள்ளியை, இத்தனை ஆண்டுகள் கழித்து, ஒரு தோட்டத்துப் பிள்ளை ஏற்றிவிட்டான்.