கல்முனை வீதி ஏறும் மலை



கடலைப் பார்த்தே வளர்ந்த நமக்கு மலை தூரத்து விடயம். ஆனால், கல்முனையின் நடுவே ஓடும் ஏ-4 நெடுஞ்சாலையே நம்மை மலைக்கு அழைத்துச் செல்லும் என்பதை அறிவீர்களா? அக்கரைப்பற்று, பொத்துவில், மொனராகலை, வெல்லவாய என நீளும் அவ்வீதி, அதன்பின் மலையேறத் தொடங்குகிறது.

கொஸ்லந்தைக்கு அருகே, வாகனத்தில் இருந்தவாறே தியலும நீர்வீழ்ச்சியைக் காணலாம். அதன் உயரம் 220 மீற்றர். பெரகலைச் சந்தியில் திரும்பினால் ஹப்புத்தளை. ஒருபுறம் தேயிலைச் சரிவு. மறுபுறம் கீழே விரியும் தென்சமவெளி. சுப்ஹானல்லாஹ்! காலையிலேயே பாருங்கள், பிற்பகலில் பெரும்பாலும் மூடுபனி மறைத்துவிடும்.

அடைமழைக் காலத்தைத் தவிருங்கள். 2014இல் கொஸ்லந்தை மீரியபெத்தையிலும், 2025 நவம்பரில் 'டித்வா' புயலின்போது மலையகத்தின் பல இடங்களிலும் மண்சரிவுகள் பல உயிர்களைப் பறித்தன. பாதை நிலவரம் கேட்டறிந்தே புறப்படுங்கள்.

இன்னொன்று. நம் பயணங்களில் ஆண்களும் பிள்ளைகளும் மலையைப் பார்க்கிறார்கள். உம்மாமார் அடுப்பையும் சட்டியையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். மலைகள் எவ்வாறு நாட்டப்பட்டுள்ளன என்று பார்க்கும்படி திருமறை (88:19) தூண்டுவது ஆண்களை மட்டுமா? பயணத்தில் தொழுகையையே சுருக்கித் தொழ அனுமதித்த மார்க்கம் நம்முடையது. சமையலையும் ஒருநாள் சுருக்குவோமே! வீட்டிலிருந்தே சோற்றுப் பொதி கட்டிச் செல்லுங்கள். உம்மாவும் மலையைப் பார்க்கட்டும்.