தேர்ந்து வாங்குதல்

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் இருப்புப்பாதையை அடுத்துள்ளது செம்மங்குப்பம் என்னும் சிற்றூர். அவ்வூர் மாணவி ஒருத்தி, சிதம்பரத்தில் 1929-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயிலச் சேர்ந்தாள் எனக் கொள்க. அவளுக்கு மடிக்கணினி ஒன்று தேவைப்பட்டது. தாய் தன் வளையல்களை அடகு வைத்துப் பணம் தந்தாள். ஒருமுறை தவறாக வாங்கிவிட்டால் மறுமுறை வாங்க அக்குடும்பத்தால் இயலாது.

தந்தையும் மகளும் கடலூர்க் கடைக்குச் சென்றனர். அங்கே புதுமைகள் பல கண்ணைக் கவர்ந்தன. ஒரு கணினியின் திரை விரல் பட்டதும் இயங்கியது. மற்றொன்றின் திரை முற்றிலும் பின்புறமாக மடிந்தது. பிறிதொன்றில் செயற்கை நுண்ணறிவுக்கெனத் தனிச் செயலி இருந்தது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2024-இல் அறிமுகம் செய்த புதுவகைக் கணினிகளில் இச்செயலி நொடிக்கு 40 இலட்சம் கோடி கணக்குகளேனும் செய்தல் வேண்டும். மகள் வியந்து நின்றாள்.

"இவையெல்லாம் இருக்கட்டும், அம்மா. இதைக் கொண்டு நீ செய்யப்போகும் வேலை என்ன?" என்று தந்தை வினவினார்.

"கட்டுரை எழுத வேண்டும், நூல்கள் படிக்க வேண்டும், காணொளியில் பாடம் கேட்க வேண்டும், அப்பா" என்றாள் அவள். சொல்லி முடிக்கும்போதே அவளுக்குத் தெளிவு பிறந்தது. தொடுதிரையும் தனிச் செயலியும் இவ்வேலைகளுக்கு இன்றியமையாதன அல்ல.

ஆயினும், புதியன யாவும் வீண் என்று தள்ளுதலும் தவறேயாம். தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது வழங்கிய கணினிகளில், சுழலும் வட்டுகளே செய்திகளைச் சேமித்தன. இன்றைய திண்மச் சேமிப்பகத்திலோ சுழலும் உறுப்பு எதுவும் இல்லை. ஆதலால் அது விரைந்து இயங்கும். பேருந்தின் குலுக்கலையும் தாங்கும். நாள்தோறும் சிதம்பரம் சென்று வருவோர்க்கு இப்புதுமை உண்மையான பயன் தருவதாகும். மலிவாகக் கிடைக்கும் பழங்கணினியையும் ஆராய்ந்தே கொள்ளல் வேண்டும். விண்டோஸ் 10-க்கு வழங்கப்பட்ட பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு வேண்டிய பாதுகாப்புச் சில்லு பழைய கணினிகள் பலவற்றில் இல்லை.

பின்னர் மாற்ற இயலாதவற்றை முதலில் நோக்குதல் அறிவுடைமை. நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பின், பின்னர் அதனைக் கூட்டுதல் அரிது. மிக மெல்லிய கணினிகள் பல இத்தகையன. ஆதலின், 8 ஜிபி நினைவகமும், அதனைக் கூட்டுதற்கு இடமும் உடைய கணினியை அவள் நாடினாள்.

ஊரின் இயல்பும் எண்ணத்தக்கது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூர்ப் பகுதியைத் தாக்கியபோது, ஊர்கள் பல நாள்கணக்கில் மின்சாரமின்றி இருண்டு கிடந்தன. அத்தகைய கடற்கரைப் பகுதியில் நெடுநேரம் உழைக்கும் மின்கலம் வேண்டும். பழுது நீக்கும் நிலையம் அருகில் இருத்தலும் நலம்.

இவ்வாறெல்லாம் ஆராய்ந்து, பகட்டில்லாத கணினி ஒன்றை அவர்கள் வாங்கினர். கையில் பணமும் சிறிது மீந்தது. தாயின் வளையல்களுள் ஒன்று அன்றே அடகிலிருந்து மீண்டது.

மாணவர்களே! பெற்றோர் தரும் பணம் அவர்தம் உழைப்பின் பயன். பொருள் வாங்கப் புகுமுன், நும் தேவை யாது என்பதை நும்மையே வினவுங்கள். அதற்கு உதவும் புதுமையை மட்டும் விலை கொடுத்துக் கொள்ளுங்கள்.