பெரிய இஞ்சின் வாங்க முதல் வளைவை அளப்போம்



கண்காட்சிக்கு தெமோதரை வளையத்தைச் சிறிதாகச் செய்ய வேண்டும் என்று நம் பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் ஒரு வாப்பா நீளமான மாதிரி இஞ்சின் ஒன்றின் படத்தை அனுப்பி, "சேர், இது நம்ம வட்டத்தில ஓடுமா?" என்று கேட்டார். வியர்வை சிந்திச் சம்பாதித்த காசு. அதனால் பதிலை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் நிஜக் கோச்சியைப் பார்ப்போம். 1924இல் பதுளை வரை வந்த நம் மலைப்பாதையில் மிக இறுக்கமான வளைவின் ஆரை 5 செயின். அதாவது 330 அடி, ஏறக்குறைய 100 மீற்றர். ஏற்றமோ 44 அடிக்கு 1 அடி. ஏறுவதற்குப் பலமான இஞ்சின் வேண்டும்; பலமான இஞ்சின் நீளமாக இருக்கும்; நீளமானது வளைவில் திரும்பாது. மலையை நகர்த்த முடியாது. ஆகவே இஞ்சினை மாற்றினார்கள். 1927இல் இங்கு வந்த காரட் இஞ்சினில் கொதிகலன் நடுவில் இருக்கும். முன்னும் பின்னும் இரண்டு சக்கரத் தொகுதிகள் தனித்தனியே திரும்பும்.

மாதிரி ரயிலில் கதை தலைகீழ். இஞ்சின் கடையில் இருந்து வருகிறது. வளைவை நாம்தான் தெரிவு செய்கிறோம்.

அந்த வாப்பா பார்த்தது ஹோர்ன்பி கம்பனியின் 76இல் 1 அளவு. நம் 100 மீற்றர் வளைவை அந்த அளவுக்குச் சுருக்கினால் ஆரை 1.3 மீற்றர். ஆனால் கடையில் கிடைக்கும் வளைவுகளின் ஆரை 371, 438, 505, 572 மில்லிமீற்றர். பெட்டியோடு வரும் வட்டம் பெரும்பாலும் 438. நம் மலையின் மிக மோசமான வளைவைவிட அது மூன்று மடங்கு இறுக்கம்!

சக்கரங்களுக்குக் கொஞ்சம் பக்க அசைவு கொடுத்திருப்பதால் பெரிய இஞ்சினும் 438இல் ஓடிவிடும். ஆனால் மூக்கு வெளியே நீட்டும், நடு உடம்பு உள்ளே சாயும். சுரங்க வாசலிலும் மேடையிலும் இடிக்கும். 371இல் தடம் புரளும். பெட்டியில் எழுதியிருக்கும் குறைந்தபட்ச ஆரையைப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

தெமோதரைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஸ்டேஷனில் இருந்து இறங்கும் பாதை சுற்றி வந்து, அதே ஸ்டேஷனுக்குக் கீழே சுரங்கத்தில் போக வேண்டும். மேல் தண்டவாளத்துக்கும் கீழ்த் தண்டவாளத்துக்கும் இடையில் 75 மில்லிமீற்றராவது வேண்டும். 44க்கு 1 என்றால் 3.3 மீற்றர் நீளப் பாதை தேவை. 438 வட்டத்தின் பரிதி 2.75 மீற்றர்தான். 505இல் 3.17, அதுவும் போதாது. 572இல் 3.59. அதுதான் சரி.

அந்த வட்டத்தின் விட்டமே 1144 மில்லிமீற்றர். 4 அடிப் பலகையில் ஓரத்துக்கு இடம் மிஞ்சாது. இஞ்சின் தவறினால் நேரே தரையில்தான். 5 அடி அகலம் வேண்டும்.

ஆகவே முடிவு இது: முதலில் பலகை, அடுத்து 572 வளைவு, கடைசியில் இஞ்சின். பிள்ளைகள் இப்போது கயிறும் சோக்கும் கொண்டு வகுப்பறைத் தரையில் வட்டம் போட்டுப் பார்க்கிறார்கள். ஒன்பதாம் ஆண்டுப் பரிதிக் கணக்கு இப்படி விளங்கினால் எனக்கு வேறென்ன வேண்டும்?

வீட்டில் பழைய பிளைவுட் பலகை சும்மா கிடந்தால் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறோம்.