ரன்வே விளக்கும் ஒரு போல்ட்டும்

ஜவ்வாது மலையில் இருட்டுக்கு மதிப்பு அதிகம். காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் அங்கே அமைந்ததே அந்த இருட்டுக்காகத்தான். அந்த மலையிலிருந்து இறங்கி வந்து, பெங்களூர் தேவனஹள்ளி விமான நிலையத்தில் ரன்வே விளக்குப் பராமரிப்பில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். முதலில் கையில் கொடுத்தது டெஸ்டர் அல்ல, போல்ட்டை அளவாக முறுக்கி, அளவு வந்ததும் ‘டக்’ என்று சொல்லும் டார்க் ரென்ச்.

ரன்வேயின் நடுக்கோட்டில் தரையோடு தரையாகப் பதித்த விளக்குகள். 50 மீட்டர் வரை தெரிந்தால் போதும், பனிமூட்டத்திலும் தெற்கு ரன்வேயில் இறங்கலாம். அப்போது விமானிக்கு இவைதான் வழி. பெரிய விமானச் சக்கரத்தின் காற்றழுத்தம் சுமார் 200 பி.எஸ்.ஐ., காருக்கு முப்பது சொச்சம். அந்தச் சக்கரம் விளக்கின் மேலேயே ஏறிப் போகும். எடையை அடியிலுள்ள இரும்புக் கூடு தாங்கிவிடும். பிரேக் பிடிக்கும்போது கிடைமட்டமாகத் தள்ளுகிறதே, அதுதான் பொல்லாதது.

“தம்பி, வெளக்க நகர விடாம புடிச்சிருக்கிறது உராய்வுதான்” என்றார் தருமபுரிக்கார சீனியர். விளக்கைக் கூட்டோடு பிணைக்கும் போல்ட், முறுக்கும்போது மயிரிழை நீள்கிறது. நீண்டது சுருங்கப் பார்க்கும். அந்த இழுவிசை விளக்கின் விளிம்பைக் கூட்டோடு அழுத்திவைக்கிறது. அழுத்தம் குறைந்தால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் விளிம்பு இம்மியளவு வழுக்கும். அந்தப் பக்கவாட்டு அசைவே போல்ட்டைத் தானாகக் கழலவைக்கும் என்பதை ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் சோதனைகளோடு எழுதினார்.

ரென்ச் ‘டக்’ என்று சொல்வது முறுக்கின் அளவை மட்டுமே. கொடுக்கிற முறுக்கில் ஏறக்குறைய 90 சதவீதம் மரையிலும் போல்ட் தலைக்கடியிலும் உராய்வாகவே போய்விடும். மரையில் துருவோ டயர் ரப்பர் தூளோ இருந்தால் ‘டக்’ கேட்கும், போல்ட் நீண்டிருக்காது. ஆகவே நான் அதிக நேரம் பழகியது முறுக்குவதை அல்ல, மரை துடைப்பதை. பிறகு எதிரெதிர் போல்ட்டாக, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். இல்லையென்றால் கேஸ்கெட் ஒருபக்கம் நசுங்கி மழைத்தண்ணீர் உள்ளே போகும்.

2000 ஜூலை 25 அன்று பாரிஸில் ரன்வேயில் கிடந்த ஓர் உலோகப் பட்டை கான்கார்ட் விமானத்தின் டயரைக் கிழித்தது. 113 பேர் இறந்தார்கள். கழன்று கிடக்கும் போல்ட்டும் அந்த வகைதான். அதனால் ரன்வேயைத் திறந்துவிடும் முன் போல்ட், வாஷர், ஸ்பானர் எல்லாவற்றையும் எண்ணிச் சரிபார்க்கிறோம். மாட்டிய விளக்கைச் சில நாள் கழித்து மறுபடி முறுக்கிப் பார்க்கிறோம்; கேஸ்கெட்டும் பெயின்ட்டும் படிந்து இழுவிசை குறைந்திருக்கும். முறுக்கின் அளவோடு மரை எப்படி இருந்தது என்பதையும் எழுதிவைக்கச் சொல்வார் சீனியர். அடுத்து அந்த விளக்கைத் திறப்பவர் வேறொருவர்.